அக்காவுக்குத் தர வேண்டிய கல்லீரல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நாற்பத்தொரு லாரி. மழை இல்லை, கரண்ட் போகவில்லை, சண்டை ஒன்றே ஒன்று. மஞ்சள் லாரிக்காரர் வழக்கம்போல, வெற்று வண்டியை எடை போட வரும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்தார். ஜல்லி ஏற்றிய பிறகு தொட்டியைத் திறந்துவிட்டால் இருநூறு கிலோ ஜல்லி கணக்கில் வராமல் வெளியே போய்விடும். குச்சியால் தொட்டியைத் தட்டினேன். நிறைந்த சத்தம். "குடிக்கிற தண்ணிண்ணே" என்றார். "இருநூறு லிட்டர் குடிக்க நீ என்ன ஒட்டகமா?" என்று கேட்டு, முழுவதையும் திறந்துவிடச் செய்துதான் மேடையில் ஏற்றினேன். பதினாறு வருடமாக இந்த எடை மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். எடை விஷயத்தில் என்னை ஏமாற்றுவது கஷ்டம்.

நேற்று ஆஸ்பத்திரியில் என்னையே எடை போட்டார்கள். தொண்ணூற்றொரு கிலோ இருநூறு கிராம். அதுகூடப் பரவாயில்லை. ஸ்கேனைப் பார்த்த ஈரல் டாக்டர், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினார். என் கல்லீரலில் முப்பத்திரண்டு சதவீதம் கொழுப்பாம். இந்த நிலையில் அதில் பாதியை வெட்டி அக்காவுக்கு வைக்க முடியாதாம். வைத்தால் அவளுக்கும் ஆகாது, மிச்சத்தை வைத்துக்கொண்டு நானும் தேற மாட்டேன்.

"தினமும் எவ்வளவு குடிப்பீங்க?" என்றார். "எப்பவாவது" என்றேன். அவர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். "தினமும் நாலு கிளாஸ்" என்றேன். எழுதிக்கொண்டார்.

(ஆறு.)

பத்து வாரம் கொடுத்திருக்கிறார். ஒரு சொட்டு கூடாது. எடை எண்பத்திரண்டுக்கு வர வேண்டும். மே 12 மறுபடி சோதனை. குடியை நிறுத்தி, ஒழுங்காகச் சாப்பிட்டு, நடந்தால் ஈரல் தானே கொழுப்பைக் கரைத்துக்கொள்ளும் என்றார். அத்தானின் ரத்த வகை சேரவில்லை. அக்கா மகளுடையது சேரும். ஆனால் அக்கா ஒரே பிடியாக இருக்கிறாள். "என் பொண்ணு மேல கத்தி படணும்னா எனக்கு அந்த ஈரலே வேணாம்." ஆக, நான்தான். நான் மட்டும்தான்.

அக்கா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அவள் உடம்பே அவள் ஈரலைப் பகையென்று நினைத்து அரிக்கிறதாம். குடித்தது நான், படுத்தது அவள். இதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஸ்கேன் விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்தாள். "ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சின்ன வயசுலயே சொன்னேன்ல. இப்பத்தான் டாக்டருக்கே தெரிஞ்சிருக்கு." கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது.

டயட்டீஷியன் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறாள். வாயில் போடுவதையெல்லாம் அதில் எழுத வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அக்கா மகள் அதை எடுத்துப் போய்க் காட்டுவாள். இது அந்த நோட்டு இல்லை. இது எனக்கு.

மார்ச் 5, வியாழன்

மூன்றாம் நாள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் லாரி எண்ணைத் தட்டும்போது கை 3-க்குப் பதில் 6-ல் போய் விழுகிறது. ஒரே சீட்டை நான்கு முறை அடித்தேன்.

மார்ச் 7, சனி

ஆறு மணி ஆனதும் பக்கத்து ஷெட்டிலிருந்து விசில் வந்தது. லாரி டயர் ஒட்டுகிறவன்; அவனை எல்லோரும் பஞ்சர் என்றுதான் கூப்பிடுவோம். பதினொரு வருடமாக ஆறு மணிக்கு அவன் ஷெட்டின் பின்னால் நாங்கள் இருவரும் பழைய டயர்கள்மேல் உட்கார்ந்து குடிக்கிறோம். அவன் இரண்டு கிளாஸில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவான். நான்தான் பாட்டிலோடு வீட்டுக்குப் போவேன்.

போய் நின்றேன். "சுகர் வந்துருச்சுடா, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு" என்றேன். ஏன் உண்மையைச் சொல்லவில்லை? சொன்னால் ஊருக்கே தெரியும். பிறகு தொட வழியில்லாமல் போகும். அப்படியென்றால் தொடுவதற்கு ஒரு வழியை வைத்துக்கொண்டுதான் நிறுத்தியிருக்கிறேனா?

இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மார்ச் 12, வியாழன்

தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை. ஆனால் காலையில் எழுந்தபோது வாய் கசக்கவில்லை. எத்தனை வருடம் ஆயிற்று இப்படி எழுந்து.

மார்ச் 19, வியாழன்

அக்கா மகள் நீச்சல் குளத்தில் பயிற்சியாளராக இருக்கிறாள். இருபத்திரண்டு வயது. தோள் இரண்டும் எனக்கிருப்பதைவிட அகலம். வேலை தொடங்குமுன் ஒரே மூச்சில் நாற்பது சுற்று போவாளாம். இன்று அதிகாலையில் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

சட்டையைக் கழற்றியபோதுதான் கண்ணாடியில் முழுதாகப் பார்த்தேன். வயிறு முன்னால் நிற்கிறது, காலும் கையும் குச்சி. இந்த வயிற்றை நான் வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்றெல்லாம் ஒரு வயதா?

முதல் சுற்றில் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வரிசையில் ஒரு பாட்டியம்மாள் என்னைத் தாண்டிப் போனார். "மாமா, மூச்ச தண்ணிக்குள்ள விடுங்க, அந்தப் பாட்டிய அப்புறம் முறைச்சுக்கலாம்" என்றாள் இவள். இரண்டு சுற்று முடித்தேன். ஏறி வந்து படியில் உட்கார்ந்து, ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவன் போலச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

87.6. இருபத்தேழு நாள் ஒரு சொட்டு இல்லை. முகத்தில் வீக்கம் வற்றிவிட்டது. எடை மேடை அறைக்கு ஏழு படி. மூச்சு வாங்காமல் ஏறினேன். அக்காவிடம் சொன்னேன். "என் தம்பி தங்கம்டா" என்றாள். அவள் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. அவளுக்கு அரிப்பு வேறு, கையெல்லாம் நகக்கீறல். சிரித்துக்கொண்டேதான் சொறிகிறாள்.

முடியும் போலிருக்கிறது. நிஜமாகவே முடியும் போலிருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

மத்தியானம் அத்தான் போன் செய்தார். "ஏதோ மாதிரி பேசறா, சீக்கிரம் வாடா." ஓடினேன். அதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறிவிட்டதாம், மருந்து கொடுத்தால் தெளியுமாம். நான் கட்டிலருகே போய் நின்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி ஸ்கூல்லேர்ந்து வந்துட்டானாங்க? பசியோட வருவான்" என்றாள். என்னிடமே. யாரோ ஒரு ஆளிடம் கேட்கிற மாதிரி.

வந்துட்டான்ங்க என்றேன். 

ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்பினேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. ஷெட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். கால்தான் ஏறியது என்று எழுத வந்தது. கால் இல்லை. நான்தான் ஏறினேன்.

மூன்று கிளாஸ்.

ஏப்ரல் 10, வெள்ளி

அக்கா தெளிந்துவிட்டாள். நேற்று பேசியது எதுவும் அவளுக்கு நினைவில்லை. "நேத்து நீ வந்தியாமே" என்றாள்.

ஆஸ்பத்திரி நோட்டில் நேற்றைய தேதிக்கு: ரொட்டி இரண்டு, கீரை, மோர். அவ்வளவுதான் எழுதினேன். இனி கிடையாது. ஒரே ஒரு நாள்தானே, எழுதி எதற்குக் கலவரப்படுத்த வேண்டும்?

ஏப்ரல் 11, சனி

இரண்டு கிளாஸ்.

ஏப்ரல் 15, புதன்

டயட்டீஷியன் கொடுத்த அச்சுத்தாளில் மதுவுக்கும் ஒரு வரி இருக்கிறது. ஒரு கிராமுக்கு ஏழு கலோரி, கொழுப்புக்கு அடுத்தபடி அதுதான். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று கிளாஸுக்கு முந்நூற்றைம்பது வைத்துக்கொள். இரவுச் சாப்பாட்டுக்கு அறுநூறு. சாப்பாட்டை விட்டுவிட்டு மூன்று கிளாஸ் போட்டாலும் இருநூற்றைம்பது லாபம். எடை குறையத்தான் வேண்டும், ஏறாது.

பதினாறு வருடமாக மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் சரக்கு என்று சீட்டு அடிப்பவன். என்னுடைய சரக்கையும் அப்படியே கழித்துவிட்டேன். தராசு எதைச் சொல்கிறதோ அதுதானே கணக்கு? டாக்டரும் எண்பத்திரண்டு என்றுதானே சொன்னார்?

ஒரு சொட்டு கூடாது என்றும் சொன்னார்.

அது அவர்கள் எல்லோருக்கும் சொல்வது.

ஏப்ரல் 24, வெள்ளி

84.3! மஞ்சள் லாரிக்காரர்கூடக் கேட்டார். "என்னண்ணே, பாதி ஆளக் காணோம்?" சிரித்துக்கொண்டேன். அவர் இறங்கியதும் சும்மா ஒரு ஆசைக்கு மேடையில் நான் மட்டும் போய் நின்று வந்தேன். திரை 80 என்றது. இந்த மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும். நடுவில் இருப்பதெல்லாம் அதன் கண்ணில் படாது.

ஆனால் ஏழு படி ஏறியதும் உட்கார வேண்டியிருக்கிறது. போன மாதம் இப்படி இல்லை. எடை குறைந்தால் ஏறுவது சுலபமாகத்தானே ஆக வேண்டும்?

நெஞ்செரிச்சல். விடியுமுன் மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது.

மே 3, ஞாயிறு

குளம். போன தடவை ஆறு சுற்று போனேன். இன்று இரண்டாவது சுற்றிலேயே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அக்கா மகள் தண்ணீரில் குதித்து என் அக்குளில் கை கொடுத்துக் கரைக்கு இழுத்து வந்தாள். காலைத் தேய்த்துவிட்டாள்.

"மாமா, எடை நல்லா குறையுது. ஆனா நீங்க சாப்பிடறதே இல்லன்னு நோட்டப் பார்த்தாலே தெரியுது. அம்மாவுக்காகன்னு இப்படி வயித்தக் காயப் போடாதீங்க. சதையெல்லாம் போச்சு பாருங்க."

அவளிடம் என்ன சொல்ல? காயப் போடவில்லையம்மா, நனைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றா?

அவள் என் நோட்டை எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்படுகிறாளாம். அத்தான் சொன்னார்.

மே 9, சனி

இன்றிலிருந்து நிறுத்தம். மூன்று நாளில் நாற்றம்கூட இருக்காது. தண்ணீர் குறைவாகக் குடித்தால் இன்னும் ஒரு கிலோ இறங்கும்.

மே 12, செவ்வாய்

81.6. நர்ஸ் கை கொடுத்தார். ரத்தம் ஐந்து குப்பி எடுத்தார்கள், பிறகு ஸ்கேன். "எதுக்கு அஞ்சு?" என்றேன். ஒன்று வேறு ஊருக்குப் போகுமாம், முடிவு வர மூன்று நாளாகும் என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மே 15, வெள்ளி

எழுதியே ஆக வேண்டும்.

ஈரல் டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மார்ச்சில் முப்பத்திரண்டு. இப்போது முப்பத்தைந்து.

"எடைதான் குறைஞ்சிடுச்சே டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"குறைஞ்சது உங்க சதை. நீங்க குடிச்சா ஈரல் வேற எந்த வேலையும் பாக்காது, முதல்ல அதத்தான் எரிக்கும். கொழுப்ப அப்படியே உள்ள அடுக்கி வச்சிரும். சாப்பிடாமக் குடிச்சா இன்னும் மோசம்." அந்த ஐந்தாவது குப்பியின் தாளைத் திருப்பிக் காட்டினார். கடைசி நான்கு வாரத்தில் குடித்திருந்தால் அது காட்டிக்கொடுக்குமாம். மூன்று நாள் குடிக்காமல் இருந்து நாற்றத்தை ஓட்டிய புத்திசாலி நான். லாரித் தொட்டியைக் குச்சியால் தட்டுகிறவன்.

இன்னொரு பத்து வாரம் கொடுங்கள் என்று கேட்டேன். கையைப் பிடித்துக் கேட்டேன். "உங்களுக்குக் குடுக்கலாம். உங்க அக்காவுக்கு அவ்வளவு நாள் இல்ல" என்றார்.

வெளியே ஒருங்கிணைப்பாளர் அம்மா தனியாக உட்கார வைத்தார். "வீட்டுக்கு நாங்க காரணம் சொல்ல மாட்டோம். மருத்துவக் காரணத்தால தகுதி இல்ல, அவ்வளவுதான் சொல்லுவோம். தானம் குடுக்க வர்ற எல்லாருக்கும் இதுதான் வழக்கம். நீங்க பயப்படாதீங்க."

பயப்படாதே என்கிறார். நான் பயந்தது தெரிந்திருக்கிறது. அக்கா செத்துவிடுவாள் என்று அல்ல, அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று. அட நாயே.

மே 17, ஞாயிறு

அக்கா என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒம்போது கிலோ கொறச்ச. மூஞ்சியே செத்துப்போச்சு. ஏதோ உள்ளுக்குள்ள ஒத்துக்கலன்னா நீ என்னடா பண்ணுவ? எனக்காக ஒன்ன வருத்திக்கிட்டது போதும். போய் நல்லா சாப்பிடு."

தலையை ஆட்டினேன். அவள் தந்த ஆறுதலை ஒரு மறுப்பும் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். அத்தான் வேறு தோளில் தட்டினார்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். 

மே 19, செவ்வாய்

அக்கா மகள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அக்கா இரண்டு நாள் அவளோடு பேசாமல், மருந்தைத் துப்பிப் பார்த்திருக்கிறாள். "நீ போயிட்டா இந்த ஈரல முழுசா வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று கேட்டாளாம் பெண். அதோடு அக்கா அடங்கிவிட்டாள். அத்தான் போனில் சொல்லும்போது அழுதார்.

எல்லாச் சோதனையிலும் முதல் தரம். கொழுப்பு இரண்டே சதவீதம்.

மே 21, வியாழன்

குடித்தேன். ஏன் என்று எழுத வேண்டுமா? மூன்றாவது கிளாஸில் பஞ்சரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் எழுந்து நின்றான். "சுகர்னு தானேடா சொன்ன?" என்றான். "நான் கூப்பிட்டப்பல்லாம் வந்து உக்காந்தியே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஷெட்டையே பூட்டியிருப்பேனே. இந்தப் பாவத்துல என்னையும் சேத்துட்டியேடா, பாவி." கிளாஸைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். பிறகு துடைப்பத்தை எடுத்து வந்து, லாரி டயரில் ஏறக்கூடாதென்று கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெருக்கினான். நானும் குனிந்தேன். "நீ தொடாத" என்றான்.

மே 22, வெள்ளி

காலையிலேயே பஞ்சர் வந்து வண்டியில் ஏற்றிக் குடிநிறுத்த டாக்டரிடம் கூட்டிப்போனான்.  அங்கே ஃபாரத்தில் "தினமும் எவ்வளவு" என்று ஒரு கட்டம் இருந்தது. ஆறு என்று எழுதினேன்.

ஜூன் 1, திங்கள்

அக்கா மகளிடம் சொல்லிவிட்டேன். குளத்துக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில். கத்தி அவள்மேல் படுமுன் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அல்லது என் பாரத்தை இறக்கிவைக்க ஒரு ஆள் வேண்டியிருந்ததா? இரண்டும்தான்.

ஈரத் தலையோடு கேட்டுக்கொண்டே நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"குடிச்சீங்கன்னா குடிச்சேன்னு சொல்லியிருக்கலாம்ல மாமா? சொல்லியிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருக்கலாம். இன்னும் கிட்டத்தட்ட அஞ்சு வாரம் இருந்துச்சு. நோட்டுல மோர் மோர்னு எழுதினீங்க. நான் அத வச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுட்டுத் திரிஞ்சேன்."

பிறகு, "அம்மாகிட்ட இப்ப சொல்லிராதீங்க. ஆபரேஷனே வேணாம்னு படுத்துக்கும். முடியட்டும். முடிஞ்சதும் நீங்களே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். எப்போதும் திரும்பிக் கை காட்டுவாள்.

ஜூன் 16, செவ்வாய்

காலை ஆறரைக்கு அக்கா மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து அக்காவை. இரண்டு கதவு, அருகருகே. அத்தான் இந்தக் கதவையும் அந்தக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கதவுக்குப் பின்னால் படுத்திருக்க வேண்டிய நான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்தேன்.

பதினொரு மணி நேரம்.

இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

ஜூன் 18, வியாழன்

அக்கா கண்ணில் மஞ்சள் குறைகிறது. பெண்ணுக்குத்தான் வலி அதிகம். அவளுக்கு எந்த நோயும் இல்லை, அதனால்தான் வலி அதிகமாகத் தெரியும் என்று நர்ஸ் சொன்னார். இருமல் வந்தபோது தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அடுத்த அறையில் இருக்கிற அம்மாவுக்குக் கேட்டுவிடுமாம்.

இருபத்தெட்டு நாள் ஆயிற்று நான் குடித்து. இதை எழுதுவதற்குக்கூட வெட்கமாக இருக்கிறது. யாருக்கு வேண்டும் இந்த இருபத்தெட்டு?

ஜூலை 5, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்து ஐந்து நாள். அத்தான் மருந்து வாங்கப் போயிருந்தார். பெண் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். மார்ச், ஏப்ரல், மோர், எல்லாமே. எதற்கும் சாக்கு வைக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில், அந்த நாள் நீ என்னை அடையாளம் தெரியாமல் பேசியபோது என்று தொடங்கினேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் பாதியில் விட்டேன்.

அக்கா போர்வையில் இருந்த நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம்.

"கதவச் சாத்திட்டுப் போ" என்றாள்.

சாத்திவிட்டு வந்தேன்.

ஜூலை 6, திங்கள்

ஆறு மணி. தாகம் இல்லை, வேறு ஏதோ. உடம்பு முழுக்கக் கேட்கிறது. பஞ்சர் இரண்டு டீயோடு எடை மேடை அறைக்கு ஏறி வந்தான். இன்னும் சரியாகப் பேசுவதில்லை. டீயை வைத்துவிட்டு, ஏழரை வரை எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்தான்.

ஆகஸ்ட் 8, சனி

அக்கா மகள் மூன்று மாதத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. அதனால் சனிக்கிழமை தோறும் நான் போய்த் தண்ணீர்க் கேன், காய்கறிப் பை எல்லாம் வாசலிலிருந்து சமையலறைக்கு எடுத்து வைத்துவிட்டு வருகிறேன். நான் வருகிற சத்தம் கேட்டால் அக்கா உள்ளறைக்குப் போய்விடுகிறாள். அவள் செருப்பு இழுபடும் சத்தத்தை வைத்தே தெம்பு வந்துவிட்டதா என்று கணித்துக்கொள்கிறேன். போன வாரத்தைவிட இன்று வேகமாகப் போனாள்.

பெண் பேசுகிறாள். முன்னைப்போல் இல்லை. கேட்டதற்குப் பதில். குளத்தில் அவள் இடத்துக்கு வேறொருவரை வைத்துவிட்டார்களாம், திரும்பினால் பார்க்கலாம் என்றார்களாம். அதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. செய்தியாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

நூற்றொரு நாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். காலையில் ஒரு மணி நேரம் நடை. எடை ஏறித்தான் இருக்கிறது, 83. டாக்டர் நல்லது என்கிறார், சதை திரும்பி வருகிறதாம். ஏழு படி என்ன, மேலே தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஏறி இறங்குகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் தாங்க முடியவில்லை. இவ்வளவு சுலபமாக வரக்கூடியதா இது?

சுலபம் இல்லை. பொய் எழுதக்கூடாது.

செப்டம்பர் 22, செவ்வாய்

குடிநிறுத்த டாக்டர் சொன்னதால் மறுபடி ஸ்கேன். அதே ஆஸ்பத்திரி, அதே மேசை. புதிதாக வந்த இளம் டாக்டர் பார்த்தார். அவருக்கு என் கதை எதுவும் தெரியாது.

"ஆறு சதவீதம்தான் சார். சூப்பரா இருக்கு. இப்ப இருக்கிற நிலையில தாராளமா தானமே குடுக்கலாம்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நான்கு பஸ்ஸை விட்டேன். ஒரு ஆள் வந்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நல்லா இருக்குங்க என்றேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு அக்கா மகளுக்கு இன்று தண்ணீரில் முதல் நாள். வேலைக்கு எடுக்கலாமா என்று மேலாளர் அடுத்த மாதம் பார்ப்பாராம். பையைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். அத்தான் அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் நான் இருப்பது தெரியாது. அத்தான் வண்டியை நிறுத்தப் போய்விட்டார். அக்கா படிக்கட்டு இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் இடம் விட்டு.

முகக் கவசத்துக்கு மேல் கண் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது.

பெண் மெதுவாக இறங்கினாள். முன்பெல்லாம் ஓரத்திலிருந்து பாய்வாள். ஒரு சுற்று போனாள், சுவரைப் பிடித்தாள், மறுபடி போனாள். பக்கத்து வரிசையில் அவளிடம் படித்த சின்னப் பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போனார்கள். ஒரு பிள்ளை நின்று "டீச்சர், வாங்க!" என்று கத்தியது.

"எண்ணு" என்றாள் அக்கா. என்னைப் பார்க்காமல். "எனக்கு இங்கேர்ந்து சரியாத் தெரியல."

கதவைச் சாத்திட்டுப் போ என்றதற்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. எண்ணினேன். வேறு எதையும் பார்க்காமல் எண்ணினேன்.

கடைசியில் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கை தையல் போட்ட இடத்தில் இருந்தது. தோள் ஏறி இறங்கியது. வெகு நேரம் திரும்பவே இல்லை.

"எத்தனை?" என்றாள் அக்கா.

அவள் விரல்கள் இருக்கையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. ஆறு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. எட்டு என்றால்கூட நம்பியிருப்பாள்.

"நாலுக்கா."

"நாலுதானா?"

"நாலுதான்."

அக்கா தலையசைத்தாள். பெண் தண்ணீரிலிருந்து எங்கள் பக்கம் திரும்பி, எத்தனை என்பதுபோல் கையை விரித்துக் கேட்டாள். அக்கா கையை உயர்த்தி நான்கு விரலைக் காட்டினாள்.